கம்பி மத்தாப்புக்கு இலவசமாக ஒரு நாய்

பிள்ளைகளே, நாயை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லித்தர என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்படியெல்லாம் வளர்க்கக்கூடாது என்று சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டுகிற வண்ண லேபிள்கள் முதலில் பெரிய பெரிய ஷீட்டாகத்தான் அச்சாகி வரும். ஒரே ஷீட்டில் நிறைய லேபிள்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஷீட்டுகளை அடுக்கி, ஓரம் தட்டி, அளவு வைத்து, கத்தியை இறக்கித் தனித்தனி லேபிளாக வெட்டித் தருவது என் வேலை. படிப்பு பத்தாவது வரைக்கும். பத்தாவதில் கணக்குப் பாடத்தில் போய்விட்டது. இவரை நம்பி அளவு வைக்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார்களே என்று என் மனைவி இன்றைக்கும் ஆச்சரியப்படுவாள். அவள் ஆச்சரியம் சரியா தப்பா என்பது போகப்போகத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன்னால், லேபிள் அளவு சரியில்லை என்று ஒரு கம்பெனியில் புகார் சொன்னார்கள் என்று எம். புதுப்பட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வரும் வழியில் ஒரு தோட்டத்தில் தண்ணீர் கேட்டு வண்டியை நிறுத்தினேன். அந்தத் தோட்டக்காரர் சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர். ஒல்லியாக, உயரமாக, நீண்ட முகத்தோடு, ஓடினால் முயலைப் பிடிக்கும் வேட்டை நாய்கள். தாயும் வளர்ந்த குட்டிகளும் ஒரு பக்கம் கட்டிக் கிடந்தன. ஒரு குட்டி மட்டும் தனியாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. தலையைத் தூக்கிக்கொண்டு, காதை மடித்துக்கொண்டு, ராணி மாதிரி இருந்தது.

நல்லா இருக்கே என்று சொன்னேன். வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, இது வேட்டைக்கு ஆகாது, நீங்க எடுக்கலைன்னா ஓடைப் பக்கம் விட்டுருவேன் என்று அவர் சொன்னார்.

இந்த இடத்தில் நான் அந்தக் குட்டியின் மேல் இரக்கப்பட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் என் மனதில் ஓடியது வேறு. மெட்ராஸ்காரர்கள் இந்த நாய்க்கு எவ்வளவு கொடுத்து வாங்குகிறார்கள், எனக்குச் சும்மா கிடைக்கிறது! தோட்டக்காரர் மனதை மாற்றிக்கொள்வதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று, அது எழுந்து நிற்பதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிச் சாக்கில் வைத்து, ஸ்கூட்டரின் முன்னால் இருத்திக்கொண்டு வந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்த்து முடிவு செய்கிற ஆள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் இரண்டு பேரும் ஒரு சங்கம் வைக்கலாம்.

வீட்டு வாசலில் இறக்கி விட்டேன். எழுந்து நின்றது. முன்னங்கால் இரண்டும் முட்டியிலிருந்து வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்து, பாதங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன.

என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, இதை யாரு மடிச்சு வச்சது?"

அப்போதுதான் எனக்கு இரக்கம் வந்தது. எப்படிச் சட்டென்று வந்தது என்று கேட்காதீர்கள். ஓடையில் விட இருந்தார்கள், நான்தான் காப்பாற்றிக் கொண்டுவந்தேன் என்று தெருவே கேட்கும்படி சொன்னேன். என் மகள் கைதட்டினாள். மனைவி தட்டவில்லை. நாய் இருக்கட்டும், ஆனால் யாரும் பெயர் வைக்கக்கூடாது, பெயர் வைத்தால் அப்புறம் நம் வீட்டு நாய் ஆகிவிடும் என்று கண்டித்துச் சொல்லிவிட்டாள். அதனால் அதை நாங்கள் "இந்தா" என்றுதான் கூப்பிட்டோம். அதுவும் வந்தது.

அடுத்து நான் செய்தது வைத்தியம். கால் வளைந்திருக்கிறது என்றால் சத்து இல்லை, சத்து இல்லை என்றால் ஏற்ற வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன். ஆட்டுக்கால் சூப், முட்டை, கேழ்வரகுக் கூழ், மெடிக்கலில் கிடைத்த சுண்ணாம்புச் சத்து மருந்து என்று வேளை தவறாமல் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்தால் எனக்கு எலும்பு கிடைக்கும், நாய்க்குச் சூப் கிடைக்கும் என்கிற நிலைமை வந்தது.

அது போதாதென்று காலை நிமிர்த்தக் கட்டுப் போட நினைத்தேன். எங்கள் ஊரில் வானத்தில் போய் வெடிக்கிற பட்டாசுக்குக் கெட்டிக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக் குழாய் செய்வார்கள். மருந்து அடைக்காத வெறுங்குழாய் இரண்டு வாங்கி வந்து, நீளவாக்கில் பிளந்து, உள்ளே பஞ்சு வைத்து நாயின் காலைச் சுற்றி ஒட்டினேன். பசைக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது விஷம். நாய் நக்கிவிடுமே என்று மிகவும் யோசித்து, துத்தம் இல்லாமல் மைதாவை மட்டும் நன்றாகக் காய்ச்சிப் பூசினேன். விடிந்து பார்த்தால் குழாயும் இல்லை, பசையும் இல்லை. பஞ்சு மட்டும் மிச்சம். நாய் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்திக்குத் தயாராக இருந்தது.

காலம் போகப் போக நாய் குண்டானது. சிப்பிப்பாறை நாய் குண்டாகி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் இது என்ன சாதி என்று கேட்டார்கள். கால் இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தது.

கடைசியில் மனைவி சொல்லி, இருவருமாக அதை ஆட்டோவில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். டாக்டரம்மா அதை நடக்க விட்டுப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவர் விளக்கியதை நான் அப்படியே எழுதுகிறேன். பிள்ளைகளே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், இந்தப் பகுதி என் சொந்த அறிவு இல்லை.

நாயின் முன்னங்காலில், கீழ்ப்பகுதியில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. குட்டி வளரும்போது இரண்டும் ஒரே சீராக நீள வேண்டும். இந்த நாய்க்கு ஒரு எலும்பு சீக்கிரமே வளர்வதை நிறுத்திவிட்டது. மற்றது நிறுத்தாமல் வளர்ந்தது. நேராகப் போக வழியில்லாததால் அது வளைந்து போயிற்று. இது சாப்பாட்டுக் குறையால் வந்தது இல்லை, பிறக்கும்போதே தாய் தகப்பன் வழியாகக் கொண்டுவந்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் கால் நேராகவே இருக்கலாம், குறை உள்ளே மறைந்து கிடக்கும். ஒரே வம்சத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டு போனால், மறைந்து கிடந்தது இரண்டு பக்கமும் ஒன்றுகூடி ஒரு குட்டியில் வெளியே வந்துவிடும்.

டாக்டரம்மா நிறுத்திவிட்டு, "நெருங்கின சொந்தத்துக்குள்ள பண்றதால வர்ற பிரச்சினைதாங்க" என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சுவரில் மாட்டியிருந்த கோமாரி நோய்ப் படத்தைப் பார்த்தோம். அவள் என் சொந்த அத்தை மகள்.

பிறகு நாயை எடை மேடையில் நிறுத்தினார்கள். டாக்டரம்மா எடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் எடையைப் பார்த்தார். சுண்ணாம்புச் சத்தை அதிகமாகக் கொடுத்தால் கெடுதல்தான், உடனே நிறுத்துங்கள், கால் தாங்க வேண்டுமானால் உடம்பு இளைக்க வேண்டும் என்றார். குட்டி போட விடக்கூடாது, கருத்தடை செய்துவிடலாம் என்றார். செய்தும் கொடுத்தார். இனி நிமிராது, ஆனால் பத்திரமாக வைத்திருந்தால் பல வருஷம் சந்தோஷமாக இருக்கும் என்றும் சொன்னார். அதில்தான் ஒரு விஷயம் மாட்டிக்கொண்டது. குதிக்கக்கூடாது, வழுவழுப்பான தரை கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகப் படி ஏறி இறங்கவே கூடாது. ஒருமுறை படியில் விழுந்தால் அந்தக் கால் ஒடியும். ஒடிந்தால் மறுபடி சேருவது கஷ்டம்.

எங்கள் வீடு மாடியில். தரை டைல்ஸ். படி செங்குத்து, கைப்பிடி கிடையாது.

அன்றிலிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதும் என் வேலையாயிற்று. நானே சூப் ஊற்றி ஏற்றிய எடையை நானே சுமந்தேன். கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்ப்பார். ஒருநாள் மழை ஈரத்தில் எனக்குக் கால் வழுக்கி, நாயை மார்போடு அணைத்தபடியே மூன்று நான்கு படி உட்கார்ந்தவாறே இறங்கினேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரு வாரம் உட்கார முடியவில்லை. பிரஸ்ஸில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த முறை நான் மல்லாக்க விழுந்தாலும் பரவாயில்லை, குப்புற விழுந்தால் நாய் என் அடியில் மாட்டிக்கொள்ளும். இதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனைவி யோசித்து ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். "ஒண்ணு நமக்குத் தரை வீடு பாருங்க, இல்லைன்னா அதுக்குத் தரை வீடு பாருங்க" என்றாள். எங்கள் கைக்கு எட்டிய வாடகையில் தரை வீடு அமையவில்லை. நாய்க்குத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சிப்பிப்பாறை நாய் இலவசம் என்று சொன்னால் ஆள் வருவதற்குப் பஞ்சமே இல்லை. வருவார்கள், உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்த்துக் கண்கள் விரியும், நான் எழுப்பி நிற்க வைப்பேன், டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுபடி வரவே மாட்டார்கள். ஒருவர் மட்டும் கால் கிடக்கட்டும், குட்டி போடுமில்லையா என்று கேட்டார். அவருக்கு டீ கொடுக்கவில்லை.

இப்போது எங்கள் பிரஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய ஷீட்டில் லேபிள்களை அடுக்கும்போது சில சமயம் ஒரு மூலை காலியாக விழும். அந்த மூலையை வீணாக்க மாட்டோம். வேலை செய்கிறவர்கள் வீட்டுக் காது குத்து அழைப்பு, பிள்ளைகளின் நோட்டில் ஒட்டுகிற பெயர்ச்சீட்டு, மச்சினன் கடைக்கு விசிட்டிங் கார்டு எல்லாம் அந்த மூலையில்தான் அச்சாகும். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். வெட்டும்போது நான் மூலையை முதலில் தனியாக அறுத்து எடுத்து உரியவரிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் லேபிள் அளவுக்கு மெஷினை வைப்பேன். எத்தனை காது குத்துகளை இப்படிப் பத்திரமாக அறுத்துக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா!

அந்த முறை மூலையை நான் கேட்டு வாங்கினேன். நாய்க்கு வீடு தேடி ஒரு நோட்டீஸ். டிசைன் போடுகிறவர் என் வயசுக்காரர், வாழ்நாள் முழுக்கப் பட்டாசு லேபிளைத் தவிர வேறு எதுவும் போடாதவர். நாய் படுத்திருக்கும் படம் ஒன்றைக் கொடுத்தேன். அவர் கை சும்மா இருக்குமா? நாய்க்குப் பின்னால் சூரியக் கதிர் வைத்தார். சுற்றிலும் பொறி பறக்க விட்டார். மேலே மஞ்சள் நட்சத்திரத்துக்குள் சிவப்பு எழுத்தில் "இலவசம்" என்று போட்டு, அதன் கீழே என் செல்போன் நம்பரைப் போட்டார். அடியில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதிய மூன்று வரி, சின்ன எழுத்தில்: முன்னங்கால் இரண்டும் பிறவியிலேயே வளைந்தவை, படி ஏறாது. படி இல்லாத வீடு உள்ளவர்கள் மட்டும் பேசவும். விற்கவும் வேட்டைக்கும் அல்ல, வளர்க்க மட்டும்.

வெட்டுகிற அன்று நான் பக்கத்து மெஷின்காரரிடம் அந்த நாயின் குணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மற்ற நாய்களைப் போலக் கண்டதையும் தின்னாது என்று சொன்னேன். குழாய் தின்றதை அப்போது மறந்திருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் மூலையைத் தனியாக எடுக்காமல், எடுத்த எடுப்பிலேயே லேபிள் அளவு வைத்துக் கத்தியை இறக்கிவிட்டேன். நோட்டீஸ் லேபிளைவிடக் கொஞ்சம் நீளம். என் மூன்று வரியும் துண்டாகிக் கழிவுக்கூடையில் விழுந்தன. மிச்சம் இருந்தது சூரியக் கதிர், நாய், இலவசம், என் நம்பர். அச்சு அசலாக ஒரு பட்டாசு லேபிள். மற்ற லேபிள்களோடு அதையும் கட்டி, கட்டின் மேல் என் கையாலேயே "சரி" என்று எழுதி லோடு ஏற்றி அனுப்பினேன்.

மறுநாள் மூலையைத் தேடினேன். கழிவுக்கூடையில் என் மூன்று வரி மட்டும் கட்டுக் கட்டாகக் கிடந்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். போர்மேன், லேபிள் பளிச்சுன்னு இருந்துச்சு, பேக்கிங்ல உள்ள பொம்பளைக எல்லாம் நாயைத்தான் முதல்ல எடுத்தாக, ஒட்டிக் கட்டியாச்சு, லாரியும் போயிருச்சு என்றார். கம்பி மத்தாப்புப் பெட்டியில் நாய் ஏன் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். போன மாசம் பனிமலை படம் ஒட்டுனோம், அப்ப மட்டும் கேட்டீகளா என்று திருப்பிக் கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான். கைக்குழந்தை, கப்பல், ரோஜாப்பூ என்று எதை அனுப்பினாலும் எங்கள் பக்கம் ஒட்டுவார்கள்.

முதலாளி கூப்பிட்டார். மிகவும் மெதுவான குரலில் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "நம்பர் உன் நம்பருதான? கேக்கிறவுகளுக்கெல்லாம் நீயே பதில் சொல்லு" என்றார். அவ்வளவுதான் தண்டனை. எத்தனை பெரிய தண்டனை என்று தீபாவளி நெருங்கியபோதுதான் தெரிந்தது.

முதல் போன் ஒசூரிலிருந்து. எத்தனை பெட்டி வாங்கினால் ஒரு நாய் என்று கேட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் நாய் கூரியரில் வருமா, நேரில் வந்து எடுக்க வேண்டுமா என்றார். ஒரு அம்மா வெள்ளைக் கலரில் இருக்கிறதா என்றார். இந்தியில் ஒருவர் நீளமாகப் பேசினார், "நஹி" என்று சொல்லி வைத்தேன், கொஞ்ச நேரத்தில் தமிழ் தெரிந்த வேறொருவரைப் பிடித்து வந்து ஏன் நஹி என்று கேட்க வைத்தார். நான் எல்லாரிடமும் முதலிலிருந்து சொன்னேன். இது பரிசு இல்லை, அச்சுப் பிழை, நாய் உண்மை, கால் வளைந்தது, படி ஏறாது. அப்ப டேமேஜ் பீஸா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் இதே பேச்சு. நான் தூக்கத்தில் "இலவசம்தாங்க, ஆனா..." என்று சொன்னதாக மனைவி சொன்னாள். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அந்த நாய் வேண்டாம். அதுதான் எனக்கு வலித்தது.

அப்புறம் ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு அம்மா பேசினார்.

"கம்பெனிங்களா? நாயை எப்பத் தருவீக?"

வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னேன். "அம்மா, அதுக்கு முன்னங்கால் ரெண்டும் வளைஞ்சிருக்கும்."

"படத்துல நல்லாத்தான இருக்கு."

"படத்துல கால் தெரியாதும்மா."

"தெரியாத காலுக்கு எதுக்குக் குறை சொல்றீக? குடுக்க மனசு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

"அது ஓடாது. வேட்டைக்குப் போகாது."

"எனக்கு எதுக்கு வேட்டை? நான் அணைக்கட்டுப் பக்கம் வாத்து வளக்குறேன்."

"குட்டி போடாதும்மா."

"வாத்து போடுறதையே பொறுக்கி முடியலை."

"படி ஏறாது."

"எங்க வீட்டுல படியே கிடையாதே. ஏன் இப்படிச் சுத்தி வளைக்கீக? இலவசம்னு பெட்டியில போட்டாச்சுல்ல?"

படியே கிடையாதா என்று இன்னொரு முறை கேட்டேன். கம்பெனிக்காரருக்குக் காது கேட்காது போல என்று அவர் பக்கத்தில் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டார். நாற்பது வயசு இருக்கும். கையில் மத்தாப்புப் பெட்டி. நாங்கள் நாயைக் கீழே இறக்கி வாசல் மண்ணில் விட்டிருந்தோம். பெட்டியை நாயின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். இது கம்பெனி இல்லை, நான் வெட்டுகிறவன், நடந்தது பிழை என்று நான் எவ்வளவோ விளக்கினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இதே நாயைத்தான் தரணும். வேற நாயைக் காட்டி ஏமாத்திரப்பிடாது" என்றார்.

நாய் எழுந்தது. டீக்குச் சொல்லலாமா என்று என் மனைவி கண்ணால் கேட்டாள். நாங்கள் இருவரும் அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தோம். நாய் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்து போய் அவர் சேலைத் தலைப்பை முகர்ந்தது. வாத்து வாடை அடித்திருக்கும்.

அந்த அம்மா குனிந்து அதன் நடையை உற்றுப் பார்த்தார். பிறகு, "எங்க வாத்துக மாதிரியில்ல நடக்கு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்த வீட்டுப் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி சொன்னார்.

இத்தனை மாதமாக இப்படி ஒருவர் வர மாட்டாரா என்று காத்திருந்தவன், வந்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். வீட்டுத் தரை என்ன தரை? இரவில் எங்கே படுக்கும்? அணையில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள்? வேளைக்கு எவ்வளவு சோறு போடுவீர்கள்? அதிகம் போடக்கூடாது தெரியுமா? குண்டாகக்கூடாது என்பதைப் பற்றி நான் பேசும்போது நாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பொண்ணு குடுக்கப் போற மாதிரியில்ல கேக்கீக" என்று என் மனைவி என்னை இடித்தாள். வீட்டை நேரில் பார்க்காமல் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

எல்லாருமாக ஒரு ஆட்டோவில் ஆனைக்குட்டம் போனோம். தீபாவளி நெருக்கத்தில் சிவகாசியை விட்டு வெளியே வருவதற்கே பெரும்பாடாகிவிட்டது. வழியெல்லாம் நாய் என் தொடையில் உட்கார்ந்து வந்தது. அணைக்கரைக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட தனி வீடு. முன்னால் பெரிய வெட்டவெளி, கால் புதைகிற மாதிரி பொதுபொதுவென்று வண்டல் மண். பின்னால் வாத்துப் பட்டி. நான் வீட்டைச் சுற்றி ஒரு படியாவது இருக்கிறதா என்று தேடினேன். கடைசியில் வாசல் நிலையில் ஒரு மேடு இருந்தது. குனிந்து சாண் வைத்து அளந்து, இது உயரம் என்றேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் என் முகத்தில் தெரிந்ததாம், மனைவி பிறகு சொன்னாள்.

அந்த அம்மா ஒரு சட்டியில் மண் அள்ளி வந்து கொட்டினார். இன்னொரு சட்டி. தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் மிதித்து, நிலைக்கு ஒரு சரிவு கட்டிவிட்டார். நாய் அதில் ஏறி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தது.

"வேற என்ன இருக்கு?" என்றார்.

வேட்டை நாயாச்சே, வாத்தைத் துரத்தினால் என்ன செய்வீர்கள் என்றேன். நான் சொல்லி வாய் மூடவில்லை, நாய் வாத்துக் கூட்டத்தைப் பார்த்து, வம்சப் பெருமை திடீரென்று நினைவுக்கு வந்த மாதிரி பாய்ந்தது. பாய்ந்தது என்றால், ஆடி ஆடி வேகமாகப் போனது. வாத்துகள் திரும்பிப் பார்த்தன. ஓடலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம் ஓடாமல் ஆடி ஆடி நடந்தன. பின்னாலேயே நாயும் நடந்தது. வெட்டவெளியைச் சுற்றி ஒரு வட்டம் போனார்கள். முன்னால் போவது வாத்து, பின்னால் போவது நாய் என்று சொன்னால்தான் தெரியும்.

என் மகள் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்து, கடைசியில் மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று. அந்த அம்மா டீ கொடுத்தார். குடித்த பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். "இன்னும் எதுக்கு நிக்கீக? ஆட்டோக்காரர் காத்துக்கிட்டு இருக்காருல்ல" என்றார். நாயிடம் போய்வருகிறேன் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அது மண்ணைக் கிளறி, தனக்கு அளவாகப் பள்ளம் செய்து, படுத்து, கண்ணை மூடியிருந்தது.

தீபாவளி போனது. போன்களும் நின்றன. நாய் லேபிளைப் பார்த்துப் பெட்டி நன்றாக நகர்ந்ததாகச் சொல்லி, அடுத்த சீசனுக்கும் அதே லேபிள் வேண்டும் என்று கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. நம்பர் இல்லாமல்தான் போட வேண்டும் என்று முதலாளியிடம் நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

திருக்கார்த்திகைக்கு மறுநாள் காலையில் ஆனைக்குட்டத்து நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த அம்மா அதுவரை எனக்குப் பேசியதே இல்லை. நானாகப் பேசினாலும், நல்லா இருக்கு, வேலை கிடக்கு என்று வைத்துவிடுவார். விழுந்துவிட்டதா? காலா? அல்லது ஊரில் யாராவது ஏதாவது சொல்லி, வேண்டாம் என்று தோன்றிவிட்டதா? வாத்தைக் கடித்துவிட்டதா? போனை எடுத்ததும் அவரைப் பேசவிடாமல் நானே பேசினேன்.

"அம்மா, நான் இப்பவே கிளம்பி வந்து கூட்டிக்கிட்டு வந்துர்றேன். நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீக."

"எதை?"

"நாயை."

"நாய்ல என்ன குறை?" என்றார், நிஜமாகவே புரியாமல். "அது பாட்டுக்கு வாத்துகளோட கிடக்கு. நான் அதுக்கா போன் போட்டேன்? கார்த்திகைக்குன்னு பாதிப் பெட்டி மத்தாப்பு எடுத்து வச்சிருந்தேன். நேத்து பிள்ளைக கொளுத்துனா அம்புட்டும் நமத்துப் போயிக் கிடக்கு. வெறும் புகைதான் வருது. கம்பெனிக்காரரு நீங்க, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். லேபிளுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு, உள்ளே இருக்கிற மத்தாப்புக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"தப்புதாம்மா," என்றேன். "கம்பெனி சார்பா நாளைக்கே புதுப்பெட்டி கொண்டு வந்து தர்றேன்."